புளியைக் கேட்டுப் பாத்திரம் வாங்கு

பண்டிகை வந்தால் பெரிய கடைகளில் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி ‘கிச்சன் செட்’ என்று விற்கிறார்களே, முதன்முதலாகக் குடித்தனம் வைக்கிறவர்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. ஒரே உலோகத்தில் சட்டி, வாணலி, தவா, மூடி என்று ஒரு கூட்டம். அடுக்கி வைத்தால் லட்சணமாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள், அதில் இரண்டு மூன்று மட்டும் அடிபிடித்து, தேய்பட்டு, உழைத்துக்கொண்டிருக்கும். மீதி எல்லாம் பரணில் ஏறியிருக்கும். ஒரே உலோகம் எல்லாச் சமையலுக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. செங்கோட்டையில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். எது எடைக்குப் போகும், எது பீஸ் கணக்கில் போகும், சீர்வரிசைக்கு எதில் எல்லாம் பேர் வெட்டித் தர வேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பாட்டோடு சேர்த்துப் படித்த பாடம். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சி. கோடு மாறியதே ஒழிய வாய் ருசி மாறவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் இட்லி வேகும், அடுத்த வீட்டில் புட்டும் கடலைக்கறியும். கடையிலும் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்திலேயே புட்டுக்குடம் தொங்கும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உருளியும், சோறு வடிக்கும் பெரிய அலுமினியக் கலமும் கேட்பார்கள். கடையநல்லூர்ப் பக்கத்தார் வெண்கலப் பானையும் எவர்சில்வர் குடமும் கேட்பார்கள். அப்பா இரண்டு பாஷையிலும் விலை பேசுவார்.

இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்றால், சித்தி மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு அவளும் மாப்பிள்ளையும் அங்கே வீடு பிடித்துவிட்டார்கள். கேஸ் இணைப்பு மாறி வர நாளாகும், அதுவரை இண்டக்‌ஷன் அடுப்புதான். “அக்கா, எவர்சில்வரா, இரும்பா, மண்சட்டியா? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. எதைத்தான் நம்புறது?” என்று போன் போட்டாள்.

நான் திருப்பிக் கேட்டது: “வாரத்துல எத்தன நாள் புளி கரைப்பே?”

சிரித்தாள். விளையாட்டுக் கேள்வி இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் சாம்பார், ரசம், புளிக்குழம்பு. அந்தப் பக்கம் குடம்புளி போட்ட மீன்கறி, மோர் ஊற்றிய புளிசேரி, மாங்காய் போட்ட அவியல். புளிப்பு இல்லாமல் நமக்கு ஒரு பொழுது கழியாது. அந்தப் புளிப்பு பட்டால் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரும்பு கறுக்கும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் களிம்பு விடும். எவர்சில்வரும் மண்சட்டியும் கல்சட்டியும் அதுபாட்டுக்குக் கிடக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் இருப்பதில் பாதியை ஒதுக்கிவிடலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. சட்னி, சாம்பார் மாதிரிப் புளிப்பானதை அலுமினியம், இரும்பு, பூச்சில்லாத பித்தளை, செம்பு இதிலெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்கிறது.

ஆகவே முதல் செலவு எவர்சில்வருக்கு. ஏமாறுகிற இடமும் அதுதான்.

அப்பா கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுப்பார். பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் “அசல்” என்று தலையை ஆட்டுவார். ஒட்டினால் “டூப்ளிகேட்” என்று கீழே வைத்துவிடுவார். அப்பா எதிரே ஒன்றும் சொல்ல மாட்டார், யாவாரம் ஆச்சே. அவர் படி இறங்கிய பிறகு, “ஒட்டாததெல்லாம் அசல்னா அலுமினியமும் அசல் எவர்சில்வர்தான்” என்பார்.

நல்ல ரகம் என்று சொல்லும் 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். பெட்டியில் 18/8 என்று போட்டிருப்பது இதைத்தான். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. நிக்கல் விலை அதிகம். அதனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்கிற 201, 202 ரகங்கள் சந்தையில் ஏராளம். அவற்றிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. பளபளப்பும் அதேதான். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அடியில் சின்னச் சின்னப் புள்ளி விழ ஆரம்பிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மறுபக்கம் 430 என்று ஒன்று இருக்கிறது. அதில் நிக்கல் பேருக்குக்கூடக் கிடையாது, காந்தம் நன்றாகப் பிடிக்கும். அது போலி இல்லை. இண்டக்‌ஷனில் சூடேற வேண்டும் என்பதற்காகவே பாத்திரத்தின் அடியில் அந்த மாதிரி எஃகைத்தான் வைக்கிறார்கள். காந்தம் உனக்குச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாத்திரம் உன் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறுமா, ஏறாதா. சித்தி மகளுக்கு அது இப்போது தேவை, அதனால் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். பக்கச் சுவரில் வைக்காதே, அடியில் வை.

ரகம் தெரிய வேண்டுமென்றால் அடியில் 304 என்று அச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 14756 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுத மாட்டேன் என்கிற கடையில் தட்டு, டம்ளர் வாங்கலாம், சமைக்கிற பாத்திரம் வேண்டாம்.

அடுத்தது கனம். எவர்சில்வருக்குப் புளியைத் தாங்கத் தெரியும், சூட்டைப் பரப்பத் தெரியாது. அலுமினியம் கடத்துவதில் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான் அது கடத்தும். ஒற்றைத் தகட்டு வாணலியில் வெங்காயம் வதக்கினால் நடுவில் கருகி, ஓரத்தில் பச்சையாகக் கிடப்பது அதனால்தான். இதற்காகத்தான் இரண்டு எஃகுத் தகட்டுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்துகிறார்கள். அடியில் மட்டும் வைத்தால் சாண்ட்விச் பாட்டம், பக்கச் சுவர் வரைக்கும் மூன்று அடுக்காக வந்தால் டிரைப்ளை. சாம்பார், ரசம், பால் எல்லாம் தண்ணீர்ப் பண்டம், அது தானாகவே சூட்டைச் சுற்றவிடும். அதற்கு அடி மட்டும் கனத்தால் போதும், காசை வீணாக்க வேண்டாம். வதக்குகிற, கிளறுகிற வாணலிக்கு டிரைப்ளை போடலாம். அங்கே பக்கத்திலும் சூடு வேண்டும். அல்வா கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“எவர்சில்வர்ல முட்டை ஒட்டுது” என்று எல்லாரும் சொல்வார்கள். வாணலியை வெறுமனே மிதமான தீயில் காய வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியாகிப் போனால் இன்னும் காயவில்லை. அந்தச் சொட்டு உருண்டையாக நின்று அங்குமிங்கும் ஓடினால் காய்ந்துவிட்டது. அப்போது தீயைக் குறைத்து எண்ணெய், அதற்கப்புறம் முட்டை. ஓரம் வெந்தால் தானாக விடும், அவசரப்பட்டுச் சுரண்டினால்தான் பிய்யும். இன்னொன்று, குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அடுப்பேற்ற வேண்டாம். அடியில் உட்கார்ந்த இடத்தில் புள்ளி விழும். கொதி வந்தபின் போடுங்கள். அடியில் நீலமும் மஞ்சளுமாக வானவில் நிறம் தெரிந்தால் பயப்படாதீர்கள், சூடு பட்ட தடம்தான். கொஞ்சம் புளியை வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

அலுமினியத்தை நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். இட்லிக் கொப்பரையும் புட்டுக்குடமும் அலுமினியத்தில் இருந்தால் ஒரு கேடும் இல்லை, உள்ளே இருப்பது வெறும் தண்ணீரும் ஆவியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கொப்பரைத் தண்ணீரில் ஒரு துண்டு சக்கைப்புளி போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரில் கொப்பரையின் உள்பக்கம் கறுத்துப் போகும், புளி கிடந்தால் கறுக்காது. குழம்பில் அலுமினியத்துக்கு ஆகாத புளி இங்கே வேலைக்காரன்.

குக்கரும் அதே கணக்குத்தான். பருப்பும் சோறும் வேக வைக்க மட்டும் என்றால் அலுமினியக் குக்கர் போதும், எடையும் விலையும் குறைவு. குக்கருக்குள்ளேயே புளி ஊற்றிச் சாம்பார் வைக்கிற ஆள் நீ என்றால், எவர்சில்வரில் வாங்கு. இண்டக்‌ஷன் இருப்பதால் எப்படியும் அவளுக்கு எவர்சில்வர்தான் வாய்த்தது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஐஎஸ் 2347 என்று போட்டிருக்கும். வெயிட் போட்டுக் கொதிக்கும்போது உள்ளே 120 டிகிரி அளவுக்குச் சூடு இருக்கும் என்பதை நினைத்தால், முத்திரையில் கஞ்சத்தனம் பண்ணத் தோன்றாது.

அடுத்தது இரும்பு. இதில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன், ஏனென்றால் எனக்கு இரும்பு பிடிக்கும்.

தோசைக்கல் இரும்பில்தான் இருக்க வேண்டும். எல்லையில் பரோட்டாக் கடைகளைப் பார்த்திருப்பீர்களே, குற்றால சீசனுக்கு வருகிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். அந்தக் கனமான கல்லில் பத்துப் பதினைந்து பரோட்டாவை ஒரே நேரத்தில் போட்டாலும் சூடு இறங்காது. கனத்துக்குள் சூடு சேர்ந்து கிடக்கிறது. வீட்டுக்கு அந்தக் கனம் தேவையில்லை, ஆனால் தத்துவம் அதுதான். வார்ப்பிரும்பு, தகட்டிரும்பு என்று இரண்டு கிடைக்கும். வார்ப்பு கனம், சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், கீழே போட்டால் உடையும். தகடு இலேசு, சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும், உடையாது. மணிக்கட்டு வலிக்காரர்கள் தகடே வாங்கலாம். இண்டக்‌ஷனில் வைப்பதானால் அடி மட்டமாக இருக்கிறதா என்று கடை மேசையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். தீயையும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். நடுவில் மட்டும் திடீரென்று காய்ந்தால் தகடு வளையும், வார்ப்பு விரியும்.

புதுக் கல்லைப் பழக்குவதற்கு ஆளுக்கு ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். வேலை எளிதுதான். ஒரே ஒரு தடவை சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்து, பட்டறை எண்ணெயும் கரியும் போகக் கழுவு. துடைத்து அடுப்பில் வைத்து ஈரம் சுத்தமாகப் போகக் காய வை. நல்லெண்ணெயை ஒரு துணியில் தொட்டு, பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசு. புகை எழும்பி அடங்கும் வரை காய வை, ஆற விடு, மறுபடி பூசு. எண்ணெய் அந்தச் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய ஒரு பூச்சாக மாறும். ஒட்டாமல் விடுவது அந்தப் பூச்சுதான். எண்ணெயை அதிகமாக ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், அப்புறம் அதைச் சுரண்டிவிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து முதல் தோசை ஊற்று. அது பிய்யும். காக்கைக்குப் போடு. சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள். எண்ணெய் இல்லாமல் சுட்டுச் சுட்டு, பழகிய கல்லைச் சப்பாத்தி வறள அடித்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாவின் தோசைக்கல்லில் யாராவது சப்பாத்தி போட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

இரும்புச் சட்டியில் வறுவல், பொரியல், கிழங்கு ரோஸ்ட், அப்பளம் பொரிப்பது எல்லாம் செய்யலாம். வாழைக்காய், வாழைப்பூ மாதிரித் துவர்ப்பான காய்கள் அதில் கறுத்துப் போகும். ருசி கெடாது, பார்க்க நன்றாக இருக்காது. தக்காளியும் புளியும் போட்டுக் கொதிக்க விட்டால் இரும்புச் சத்து குழம்பில் இறங்கும். சத்து என்று கேட்க நன்றாக இருக்கிறது, வாயில் வைத்தால் உலோகச் சுவை. அதோடு பழக்கி வைத்த பூச்சையும் புளி தின்றுவிடும். எப்போதாவது செய்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இரும்புக்கு ஒரு தனிச் சோதனை உண்டு, ஆனி ஆடிச் சாரல். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, இரவில் கழுவிக் கவிழ்த்த தோசைக்கல் காலையில் செம்பட்டையாகக் கிடக்கும். அந்த மாதங்களில் கழுவியவுடன் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். புனலூர் வெயிலுக்குப் பேர் போன ஊர். ஆனால் மழை என்று வந்தால் அங்கும் இதே கதைதான். இந்த அரை நிமிஷ வேலைக்குச் சோம்பல் என்றால் இரும்பு வாங்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை துடைப்பார் என்றாள். சரி.

மண்சட்டிக்கு வருவோம். எங்களுக்கு அதிர்ஷ்டம், தேன்பொத்தை பக்கத்தில் இருக்கிறது. அங்கே வேளார் வீடுகளில் செய்கிற சட்டியும் பானையும் மலையைத் தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது. சட்டி எடுக்கும்போது ஒரு கையில் அடியைத் தாங்கி, மறுகை விரல் மொளியால் பக்கத்தில் தட்ட வேண்டும். நன்றாகச் சுட்ட சட்டி கணீரென்று பேசும். மொத்தென்று சத்தம் வந்தால் ஒன்று வேகவில்லை, இல்லை மயிரிழை விரிசல் இருக்கிறது. அப்புறம் வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பார்க்க வேண்டும். விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அடி ரொம்பக் குறுகலாக இருந்தால் கேஸ் அடுப்பில் நிற்காமல் ஆடும். பெயின்ட் அடித்துப் பளபளக்கிற சட்டியும், கண்ணாடி மாதிரி மெருகு பூசியதும் சமையலுக்கு வேண்டாம். அந்த மெருகுப் பூச்சில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, புளி அதை இழுக்கும். வெறும் மண் நிறத்திலோ, புகை போட்டுக் கறுத்ததோ இருந்தால் போதும்.

வாங்கி வந்தால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடு. அப்புறம் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்க விடு. கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் துளைகளை அடைக்கும். கடைசியாக எண்ணெய் விட்டுத் தேங்காய்த் துருவலை அதில் வறுத்துக் கொட்டு, மண் வாசனை போய்விடும். சோப்பு போடாதே, மண் அதையும் குடித்துக்கொண்டு அடுத்த நாள் குழம்பில் விடும். தேங்காய் நாரும் சுடுதண்ணீரும் போதும். மீனுக்கு வைத்த சட்டி மீனுக்கே.

மத்தியோ அயிலையோ குடம்புளி போட்டு வைக்கிறவர்களுக்கு மண்சட்டியின் வித்தை தெரியும். அடுப்பை அணைத்த பிறகும் ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மீன் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். அணைத்த சட்டியைக் குளிர்ந்த கல் மேடையில் வைக்காதே, பிரிமணை மேல் வை. புளியோடு சண்டையே கிடையாது. மறுநாள் வரை அதே சட்டியில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, ருசி கூடத்தான் செய்யும். அவளுக்குக் குறை ஒன்றுதான், இண்டக்‌ஷனில் மண் சூடேறாது. கேஸ் வரும்வரை மீன் குழம்பு எவர்சில்வரில்.

கல்சட்டி சேலம் பக்கத்து மாக்கல்லில் குடைவது. குணத்தில் மண்சட்டிக்கு அண்ணன், பழக்குவதற்கு இன்னும் பொறுமை வேண்டும், கனமும் அதிகம். முதல் வருஷத்துக்குத் தேவையில்லை.

நான்-ஸ்டிக் பற்றிக் கேட்காமல் விடுவாளா? பயமுறுத்தவும் மாட்டேன், சிபாரிசும் செய்ய மாட்டேன். அந்தப் பூச்சு 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறு எதையோ செய்யப்போய்க் கிடைத்தது. சாதாரணச் சூட்டில் அது சாதுவான பொருள். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்து மறந்துவிட்டால்தான் வினை. 260 டிகிரிக்கு மேலே போகப் போகப் பூச்சு சிதைந்து புகை விடும், கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போகும். முன்னே சொன்ன ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி இன்னும் கறாராக 170 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் ஊரில் தாளிப்பதற்கு எண்ணெய் காய வைக்கிற சூடு அதைச் சாதாரணமாகத் தாண்டும். முட்டைக்கு ஒரு சின்னத் தவா வேண்டுமானால் வாங்கு, மரக்கரண்டி போடு, பூச்சு உரிய ஆரம்பித்தால் தூக்கிப் போடு. தாளிக்காதே.

பித்தளையும் வெண்கலமும் அவள் வாங்க வேண்டியதில்லை, மாமியார் வீட்டிலிருந்து ஒரு உருளி வருகிறதாம். கேரளத்து மான்னார்ப் பக்கத்து வேலையாம். வெண்கலம் என்றால் சுமார் நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் கல்லைப் போலக் கனத்தாலும் உடையக்கூடியது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும், விரிந்ததை ஒட்டவும் முடியாது. பித்தளை வந்தால் உள்ளே வெள்ளையாக ஈயப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் தெருவில் “ஈயம் பூசலையா” என்று குரல் வரும். துருத்தி ஊதி, நவச்சாரத்தைத் தூவி, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் பாத்திரம் முழுக்க வெள்ளி மாதிரி மினுங்கும். இப்போது ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் விஷம். ரசத்துக்கு வைக்கிற ஈயச்சொம்புக்கும் இதே விதிதான். தெரிந்த கடையில் மட்டும் வாங்க வேண்டும், வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், ரசம் உள்ளே இருக்கும்வரைதான் அது சொம்பு. விலாசம் இல்லாத மலிவு அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களைத் தொடவே வேண்டாம் என்றேன். இந்தியாவிலிருந்து போன சில பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிகிறது என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2025-இல் எச்சரித்ததை அவளே படித்திருந்தாள்.

பாத்திரம் என்ற கணக்கில் வராத ஒன்றையும் வாங்கச் சொன்னேன், சூடாறாப்பெட்டி. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் வீடு வீடாகப் பரப்பியது. அங்கே மட்டை அரிசி சாப்பிடுவார்கள், வேக நேரம் எடுக்கும். ஒரு கொதி நன்றாக வந்ததும் பானையோடு அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மீதி வேக்காட்டை உள்ளே அடைபட்ட சூடே பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதைவிட உபகாரம் வேறு என்ன? கேஸும் மிச்சம்.

கடைசியில் அவள் எழுதிக்கொண்டது இவ்வளவுதான். மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர், அடிகனமான சாம்பார்ச் சட்டி ஒன்று, டிரைப்ளை வாணலி ஒன்று, மட்டமான அடி உள்ள இரும்புத் தோசைக்கல் ஒன்று, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், இட்லிக் கொப்பரை. மண்சட்டி கேஸ் வந்த பிறகு, ஊருக்கு வரும்போது தேன்பொத்தையில் எடுத்துக்கொள்ளலாம். ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனால் உடையாது. இதற்கு மேல் எது வேண்டும் என்பது சமைக்கச் சமைக்கத் தெரியும்.

“பேர் வெட்டணுமாக்கா?” என்றாள். குக்கரில் வேண்டாம், மூடியில் கூட வேண்டாம். அதைவிட, அந்தக் கம்பெனியின் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புனலூரில் கிடைக்குமா என்று முதலில் விசாரி, கிடைக்காது என்றால் வேறு கம்பெனி பார் என்றேன்.